இனிமையாகப் பேசும் பிளம்பர்

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மா நலம். அப்பா 3.8.

முதலாண்டு நர்சிங் மாணவிகளின் போன்களையெல்லாம் உங்கள் விடுதி வார்டன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதனால் நீ போன பிறகு வீட்டில் நடந்த எதுவும் உனக்குத் தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். சிரிக்காமல் படி.

முதலில் அம்மா. அம்மாவின் கண் மருத்துவமனையில் இப்போது போனிலேயே நேரம் பதிவு செய்யலாம். பதிவு செய்தவர்கள் நேரத்தைக் காட்டுகிறார்கள், நேரில் வந்தவர்கள் வரிசையைக் காட்டுகிறார்கள். இரண்டு பேரும் சண்டை போடுவது வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மாவிடம்தான். நேற்று கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், “உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லுங்க” என்று கேட்க வேண்டியதாகிவிட்டதாம். அவர் சத்தம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

மாடி வீட்டுப் பெரியம்மா காய்கறியைப் போனில் வரவழைக்கிறார். ஆனால் பேரம் பேசாமல் அவரால் இருக்க முடியவில்லை. பையைக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் பேசுகிறார். “எனக்கு விலையே தெரியாதும்மா” என்று அவர் சொன்னால், “தெரியாதுன்னா குறைச்சே சொல்லேன்” என்கிறார்.

இனி அப்பா. நீ ஊருக்குக் கிளம்பிய அன்று காலையில் அவரைப் பிளம்பர் ஆப்பில் சேர்த்துவிட்டுப் போனாய் அல்லவா? அதற்காக அவர் உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். உன் இரண்டு கடிதங்களையும் கண்ணாடி போட்டுப் படித்தார். பதில் எழுதச் சொன்னேன். “அவதான் எல்லாத்தையும் அவளே முடிவு பண்றாளே, பதிலையும் அவளே எழுதிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார்.

ஆனாலும் நீ செய்தது சரிதான். முன்பெல்லாம் அவருக்கு வேலை சொல்லி அனுப்பிய பைப் கடைக்காரர், இப்போது தன் வீட்டுக் குளியலறைக்கே ஆப்பில்தான் ஆளைக் கூப்பிடுகிறார். அப்பாவுக்கு வேலை வருவது அந்த ஒரு வழியாகத்தான். அதற்கும் ஆபத்து வந்திருக்கிறது. மூன்று மாதம் சோதனைக் காலமாம். ஆகஸ்ட் 31 அன்று சராசரி நான்கு நட்சத்திரத்துக்குக் கீழே இருந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். இதுவரை பத்துப் பேர் போட்டதில் 3.8. அவர்கள் எழுதியவற்றில் சிலவற்றைக் கீழே தருகிறேன்.

“வேலை சுத்தம். முகம் சரியில்லை.”

“ஒரு மணி நேரத்தில் மூன்று வார்த்தை பேசினார். அதில் இரண்டு ‘தள்ளுங்க’.”

“குழாய் ஏன் உடைந்தது என்று கேட்டேன். ‘நீங்க உடைச்சதால’ என்றார்.”

ஒருவர்கூட வேலையைக் குறை சொல்லவில்லை, கவனித்தாயா? எல்லோருக்கும் பேச்சுதான் குறை. அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம் என்றிருக்கிறேன். உன் யோசனையை உடனே எழுது.

உன் அன்புத் தங்கை


ஜூலை 14

என் புத்தகப்புழுவுக்கு,

உன் கடிதத்தை வகுப்பில் மறைத்து வைத்துப் படித்தேன். ‘முகம் சரியில்லை’ வந்ததும் சிரித்துவிட்டேன். டியூட்டர் எழுப்பி நிற்க வைத்து, சிரிப்புக்குக் காரணம் கேட்டார். எங்கப்பா முகம் மேடம் என்று சொன்னேன். உடனே உட்காரச் சொல்லிவிட்டார்.

எங்களுக்கும் இங்கே அதே பயிற்சிதான். வார்டுக்குள் போவதற்கு முன் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைக் கட்டிலில் படுக்க வைத்து, அதைப் பார்த்துப் புன்னகை செய்யச் சொல்கிறார்கள். தினமும் இருபது பேர் அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். பொம்மைக்கு அப்பா முகம்.

அப்பாவுக்கு மூன்றே வாக்கியம் சொல்லிக் கொடு. உள்ளே போனதும் வணக்கம். வேலை நடக்கும்போது “கவலைப்படாதீங்க, சரியாயிடும்.” முடிந்ததும் “வேற ஏதாவது பார்க்கணுமா?” இந்த மூன்று போதும். இதற்கு மேல் சேர்த்தால் குழம்பிவிடுவார். அக்கம்பக்கத்தாரிடம் பொய்யாக நட்சத்திரம் கேட்டு வாங்காதே. தெரிந்தால் அப்பா ஆப்பைவிட்டு அவரே வெளியே வந்துவிடுவார்.

அவரே எழுதாவிட்டால் போகட்டும். என்னைப் பற்றி ஏதாவது கேட்கிறாரா, அதையாவது எழுது.

அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில். அப்பா உன்னைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. ஆனால் உன் கடிதம் வந்தால் கவரை அவர்தான் பிரிக்கிறார். என் பெயருக்கு வருவதையும்.

அடுத்து, பயிற்சி. தோல்வி.

ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். நல்ல மாணவராகத்தான் இருந்தார். முதல் நாள் ஒரு வீட்டில் மோட்டார் ரிப்பேர். வாசலில் வணக்கம் சொல்லிச் சிரித்திருக்கிறார். வந்த விமர்சனம் இது: “ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை. கொஞ்சம் பயமாக இருந்தது.” மூன்று நட்சத்திரம்.

மறுநாள் ஓர் அம்மாள் வீட்டில் வேலையை முடித்துவிட்டு, “வேற ஏதாவது பார்க்கணுமா?” என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் பழைய மின்விசிறியைக் காட்டினார். பிறகு ஆடும் நாற்காலியை. பிறகு மருமகள் அனுப்பியிருந்த ஒரு செய்தியைக் காட்டி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அப்பா இரண்டு மணி நேரம் அங்கேயே மாட்டிக்கொண்டார். அடுத்த வீட்டில் காத்திருந்தவர் ஒரே நட்சத்திரம் போட்டார். இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்ட அம்மாள் ஒன்றுமே போடவில்லை. அவருக்கு அதை எங்கே அழுத்துவது என்று தெரியாதாம்.

இரண்டு பேர் ஐந்து போட்டார்கள். அதில் என் பயிற்சிக்குப் பங்கு எதுவும் இல்லை. ஒருவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வெளியே போயிருந்தார். மற்றவர் அப்பா வேலை செய்யும்போது தூங்கிவிட்டார்.

பதினான்கு பேருக்கு 3.7. இதற்கு மேல்தான் பெரிய விஷயம் வருகிறது. உட்கார்ந்து படி.

நம் சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருப்பது உனக்கே தெரியும். அம்மா சொல்லும்போதெல்லாம் அப்பா ‘நாளைக்கு’ என்பார். பதினோரு மாதமாகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானம், கீழே வைத்திருந்த பாத்திரம் நிரம்பி வழிந்து அம்மாவின் காலை நனைத்தது. அம்மா போனை எடுத்தாள், ஆப்பைத் திறந்தாள், அருகில் இருக்கும் பிளம்பர்களின் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அப்பா படம் வந்ததும் அழுத்திவிட்டாள்.

அப்பா அப்போது தெருமுனைத் தேநீர்க் கடையில் இருந்தார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்ததால் முகவரியைப் படிக்காமலே ‘சரி’யை அழுத்திவிட்டு, வண்டியை எடுத்து, மேப் சொன்ன பக்கமெல்லாம் திரும்பியிருக்கிறார். நம் தெரு ஒருவழிப்பாதையாகிவிட்டதல்லவா, மேப் அவரைப் பெரிய சுற்றாகச் சுற்ற வைத்து நம் வாசலுக்கே கொண்டுவந்து, சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்று சொன்னது. அவர் போனைத் தட்டினார். பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்தார். வாசலில் அம்மா.

“வாங்க. பிளம்பர்தானே?”

“என்ன விளையாட்டு இது?”

“கஸ்டமர்கிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். சற்று நேரம் நின்றவர், மெதுவாக வணக்கம் சொன்னார். அம்மாவும் பதில் வணக்கம் சொல்லிச் சமையலறைக்கு வழி காட்டினாள். அப்பா, நம் வீட்டில் சமையலறை எங்கே என்று தெரியாதவர்போல, அவள் பின்னாலேயே போனார். ஆப்பின் விதிப்படி ‘வேலைக்கு முன்’ படம் எடுத்தார். பன்னிரண்டே நிமிடம். ‘வேலைக்குப் பின்’ படமும் எடுத்தார். நான் கடிகாரத்தில் பார்த்தேன், அக்கா. பதினோரு மாதம் காத்திருந்தது பன்னிரண்டு நிமிட வேலைக்காக.

குழாய் ஏன் இப்படி ஆனது என்று அம்மா கேட்டாள். அப்பா “நீ” என்று தொடங்கி, விழுங்கி, “கவலைப்படாதீங்க, சரியாயிடுச்சு” என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

அம்மா எப்படியும் ஐந்து போடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். மூன்று போட்டாள். கீழே எழுதியும் வைத்தாள்: “வேலை அருமை. வருவதற்குப் பதினோரு மாதம் ஆனது.”

அன்று முழுக்க அப்பா பேசவில்லை. எப்போதும் பேசாமல் இருப்பாரே அது வேறு, இது வேறு. நான் அம்மாவிடம் மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். தான் போட்டது உண்மையான நட்சத்திரம் என்கிறாள். இப்போது பதினைந்து பேர், 3.67. இனி ஐந்து பேர் வரிசையாக ஐந்து ஐந்து போட்டால்தான் நான்கைத் தொட முடியும். நான் என்ன செய்யட்டும்?

உன் அன்புத் தங்கை


ஆகஸ்ட் 4

அன்புத் தங்கைக்கு,

வணக்கம் சொல்லிக்கொண்டு சமையலறைக்குப் போன இடம்வரை சிரித்தேன். அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கிளம்பும் அவசரத்தில்தான் அப்பாவை ஆப்பில் சேர்த்தேன். ‘உங்களைப் பற்றி’ என்று ஒரு கட்டம் இருந்தது. வண்டிக்கு நேரமாகிவிட்டது. அப்பாவைக் கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்று போனைப் பிடுங்கியிருப்பார். மற்ற பிளம்பர்கள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து நானே எழுதிவிட்டேன். ‘இனிமையாகப் பேசுபவர். எப்போதும் புன்னகை. உங்கள் குறைகளைப் பொறுமையாகக் கேட்பார்.’

அமைப்புகளுக்குள் போய்த் தேடினால் தவிர அது அப்பாவின் திரையில் தெரியாது. கூப்பிடுகிறவர்களுக்குத்தான் படத்துக்குக் கீழேயே தெரியும். நான் இப்போதுதான் யோசிக்கிறேன். அவர்களெல்லாம் இனிமையாகப் பேசுகிறவரை எதிர்பார்த்துக் கதவைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே வந்தது அப்பா.

அவர் ஒழுங்காக வேலை செய்து குறை வாங்கியது என்னால்தான். இந்தக் கடிதத்தை அவரிடம் நீயே சத்தமாகப் படித்துக் காட்டு. எதையும் தாண்டிப் போகாதே. திட்டினால் திட்டட்டும். திட்டினால் அதையும் எழுது.

அக்கா


செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. நேற்றுவரை பொறுத்து, முடிவு தெரிந்த பிறகே எழுதலாம் என்று காத்திருந்தேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முன்னால் நின்று படித்தேன். ‘இனிமையாகப் பேசுபவர்’ என்ற இடத்தில் அப்பா, திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்று முறை படிக்க வைத்தார். அம்மா, அதைத் தான் ஆப்பில் அவரைக் கூப்பிட்ட அன்றைக்கே படித்ததாகச் சொன்னாள். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஆப்புல ஏதோ தப்பு, வேற யாரைப் பத்தியோ இவர் படத்துக்குக் கீழ வந்திருக்குன்னு நெனச்சேன்” என்றாள்.

அப்பா திட்டவில்லை. கொஞ்ச நேரம் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தன. பிறகு, அதை அழித்துவிட்டு அவர் சொல்வதை எழுதும்படி சொன்னார். நான் எழுதினேன்: ‘குழாய், தொட்டி, மோட்டார் பார்க்கப்படும். பேச்சு கிடையாது. ஏன் உடைந்தது என்று கேட்டால் உண்மை சொல்லப்படும்.’

இப்படிப் போட்டால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்று நான் வாதாடினேன். நான்கு நாள் நான் சொன்னபடிதான் நடந்தது. போன் அசையவே இல்லை. அப்பா அதை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பைப் கடைக்காரரிடம் போய், கடையில் நிற்க ஆள் வேண்டுமா என்று கேட்டதாக அம்மா என்னிடம் தனியாகச் சொன்னாள். அன்று எனக்குப் பாடம் எதுவும் ஏறவில்லை.

ஐந்தாம் நாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டார். வேலை முடிந்ததும் எழுதினார்: “எங்கள் வீட்டில் ஏற்கெனவே நான்கு பேர் பேசுகிறார்கள். இவர் வந்த ஒரு மணி நேரம் நிம்மதி.” ஐந்து. பிறகு கைக்குழந்தை தூங்கும் ஒரு வீடு. ஐந்து. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் ஒருவர், தான் மீட்டிங்கில் இருந்தபோது வந்து, குழாயைச் சரிசெய்து, போனதே தெரியவில்லை என்று எழுதினார். ஐந்து. மோட்டார் ஏன் புகைந்தது என்று கேட்ட ஒருவருக்கு அப்பா உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் நான்கு போட்டு, “சொன்னபடியே சொன்னார்” என்று எழுதினார்.

ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஐந்து, ஒருவர் நான்கு. நேற்று இருபத்து நான்கு பேருக்கு 4.1. இன்று காலை, பெயர் உறுதியாகிவிட்டது என்று செய்தி வந்தது. அம்மா அன்று போட்ட மூன்றும் அதில் சேர்ந்துதான் இருக்கிறது. மாற்றட்டுமா என்று அவளே கேட்டாள். அப்பா வேண்டாம் என்றுவிட்டார், அது உண்மையான நட்சத்திரமாம்.

பிறகு நான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்றார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். தான் சொல்வதை எழுதச் சொன்னார். ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்:

“அவளப் பத்தி ரெண்டு வரி எழுதச் சொல்லி யாராவது என்கிட்ட கேட்டா, நானும் இல்லாததெல்லாம்தான் எழுதியிருப்பேன்னு சொல்லு.”

என்ன எழுதியிருப்பீர்கள் என்று கேட்டேன். அவசரமாகப் பைக்குள் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி, “அப்பா சொல்றதக் கேக்குற பொண்ணு” என்றார்.

உன் அன்புத் தங்கை