உங்கள் ரீலைக் கழுவியது யார்?

ஏனுங்க,

அன்புள்ள என்று ஆரம்பிக்க எனக்குக் கூச்சம். 'ஏனுங்க' என்று கூப்பிட்டால் எங்கிருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். அது போதும்.

மஞ்சூரில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. பச்சைத் தேயிலைக்கு இன்னும் விலை இல்லை. நீங்கள் வேலை பார்த்த ஃபேக்டரி பூட்டியே கிடக்கிறது, கூரையில் குரங்குகள் குடும்பம் நடத்துகின்றன. செடியைப் பிடுங்கிவிட்டு கேரட் போடலாம் என்கிறான் உங்கள் மகன். நீங்கள் இருந்தால் அவனை என்ன சொல்லியிருப்பீர்கள்?

அது கிடக்கட்டும். நான் கேட்க வந்தது வேறு.

ஃபேக்டரி மூடியதும் சென்னைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போனீர்கள். போனில் சம்பளத்தைப் பற்றிப் பேசியதைவிடக் கடலைப் பற்றித்தான் அதிகம் பேசினீர்கள். கரையில் நின்று தூண்டில் போடுகிறேன் என்றீர்கள். "கஸ்தூரின்னு ஒருத்தி, இரைக்கு நல்ல இறால் விக்குறா" என்றீர்கள். அந்தப் பெயரை ஒருமுறை சொல்லியிருந்தால் நானும் மறந்திருப்பேன். லீவில் வரும்போதெல்லாம் கருவாட்டுப் பொட்டலம் வேறு. அந்த முடிச்சு ஆம்பளை போட்ட முடிச்சா?

நீங்கள் கண்ணை மூடிய பிறகு, கூட வேலை பார்த்தவர் உங்கள் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். துணியில் சுற்றி ஒரு தூண்டில் கம்பும் ரீலும் இருந்தன. உப்புக் காற்றில் உங்கள் சாவி, டார்ச், பெல்ட் கொக்கி எல்லாம் துருப்பிடித்திருந்தன. ரீல் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி மின்னியது. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத மனுஷர் நீங்கள். அப்படியானால் இதைக் கழுவியது யார்? எனக்கு வயிறு எரிந்தது. அழக்கூட முடியவில்லை. யாருக்காக அழுகிறோம் என்று தெரிந்தால்தானே அழ முடியும்?

அமாவாசைக்குக் கடலில் முழுக வேண்டும் என்று மகனிடம் பொய் சொல்லிவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினேன். கஸ்தூரியின் மூஞ்சியைப் பார்க்கத்தான் போனேன். வெறுங்கையோடு நின்றால் சந்தேகப்படுவாளே என்று கம்பையும் எடுத்துக்கொண்டேன். தேயிலைக் காட்டில் தோண்டிய மண்புழுவை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டேன். நம்ம ஊர் டேமில் நீங்கள் அதை வைத்துத்தானே மீன் பிடிப்பீர்கள்?

பையைக் கொண்டுவந்தவர் சொன்ன அடையாளப்படியே, கல் கொட்டிய கரையோரம் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். மூக்குத்தி போட்டிருந்தாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. என் டப்பாவைத் திறந்து பார்த்தவள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாமா இது, மண்புழு? உப்புத் தண்ணில இது நிமிசத்துல செத்துப்பூடும். மொத நாளு அந்த மஞ்சூரு அண்ணனும் இதே மாதிரி டப்பாவோடதான் வந்தாரு." சிரிப்பு சட்டென்று நின்றது. "நீ அவரு சம்சாரமா?"

ரீலை அவள் முன்னால் நீட்டினேன். "ஏனுங்க, இதை யாருங்க கழுவி வெச்சது?"

"நான் இன்னாத்துக்குக் கழுவப்போறேன்? புதுசா வர்றவங்க ரீலு ஒரு மாசத்துல உப்பு ஏறி சுத்தாமப் பூடும். இவரு மட்டும் குடிக்கிற தண்ணியை ஊத்திக் கழுவித் தொடைப்பாரு. ஏன்ணா தண்ணியை வீணாக்குறீங்கன்னு கேட்டா, மெசினு கழுவாம ஷிஃப்ட்டு முடியாதும்மான்னு சொல்வாரு."

அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். இலை அரைக்கும் மெஷினை ஷிஃப்ட் முடிந்ததும் கழுவாவிட்டால் மறுநாள் தூள் புளித்துப்போகும் என்று கல்யாணமான நாளிலிருந்து எனக்குச் சொன்னவர் நீங்கள்தானே? காய்ச்சலோடு போய்க்கூட மெஷின் கழுவியிருக்கிறீர்கள். இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

அவளே என் தூண்டிலில் இறாலைக் கோத்துக் கொடுத்தாள். ஈயக்குண்டைத் தூரமாக எறிய வேண்டாம், இரண்டு அலைக்கு நடுவே தண்ணீர் கருத்துத் தெரியும் இடத்தில் போடு என்றாள். முதல் இரண்டு தடவையும் கல்லில் மாட்டியது. பிறகு கம்பு நுனி துடித்தது. விரல் நீளத்துக்கு ஒரு கிழங்கான் மீன். ஐயோ, நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

கஸ்தூரி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஃபேக்டரி தெறந்ததும் இந்த ரீலைத்தான் ஊருக்கு எடுத்துக்கினு போவேன், டேமுல சம்சாரத்துக்கு மீன் புடிக்கக் கத்துத் தருவேன்னு சொல்லிக்கினே இருப்பாரு. துருப்புடிச்சா சம்சாரம் கோச்சுக்கும்னு பயம்."

அதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? அவளிடம் சொல்ல வாய் வந்ததா? கருவாட்டுப் பொட்டலத்தைக் கட்டியது தான்தான் என்றும் அவளே ஒத்துக்கொண்டாள். எல்லாருக்கும் அப்படித்தான் கட்டிக் கொடுப்பாளாம். நம்பிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூக்குத்தி விஷயத்தில் மட்டும் இன்னும் எனக்கு ஒரு கண் இருக்கிறது.

கிளம்பும்போது என் குடிதண்ணீரை ஊற்றி ரீலைக் கழுவினேன். இனி இதை டேமுக்கு எடுத்துப் போவேன். அங்கே உப்பு இல்லைதான், இருந்தாலும் கழுவாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன். பிடிக்கிற முதல் மீனை வறுத்து உங்கள் தட்டில் வைப்பேன். தட்டை வழக்கம்போல நானே கழுவிக்கொள்கிறேன்.

இன்றைக்கும் உங்கள் ஊட்டுக்காரி,
சரோஜா