கூரையில்லாத கோயிலின் பீடம்

ஒக்ரோபர் 19, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தபோது இவரின் தங்கையும் அவரின் கணவரும் அஜக்ஸ் நகரிலிருந்து வந்திருந்தார்கள். மச்சாள், இவரும் நானும் அவரும் போன இத்தாலிப் பயணப் படங்களை ரீவியில் போட்டார். எரிமலைப் பாறைக் காட்டுக்குள் நீர்வீழ்ச்சி, அதற்குப் பக்கத்தில் இடிந்த பழைய ஊர், கூரையில்லாத கோயில். அந்தக் கோயிலில் ஒருதரம் முழங்காலில் நிற்கத்தான் நான் பயணத்துக்கே சம்மதித்தேன். பாதை ஏற்ற இறக்கமில்லாதது, இருபது நிமிட நடை என்று நூலகப் புத்தகத்தில் பார்த்து எழுதியும் வைத்திருந்தேன்.

"உன்ர முழங்காலோட ஏலாது. பயணப் பையளைப் பாத்துக்கொண்டு இரு" என்று அன்றைக்கு இவர் சொல்லிவிட்டார். வாகனத் தரிப்பிடத்தில் நான் நான்கு செபமாலை சொல்லி முடித்த பிறகுதான் அண்ணனும் தங்கையும் திரும்பி வந்தார்கள்.

ஒரு படத்தில் மச்சாள் கோயிலுக்குள் பெரிய கல்லொன்றில் ஏறியிருந்து சிப்ஸ் சாப்பிடுகிறார்.

"மச்சாள், உது பூசைப் பீடமெல்லோ?" என்றேன்.

"ஐயோ, வெறுங்கல்லு. கால் உளைஞ்சுது, இருந்தனான்" என்று சிரித்தார்.

"இவளுக்கு உந்த இடங்களில விருப்பமில்லை. அதுதான் வரேல்லை" என்று இவர் மச்சாளின் கணவரிடம் சொன்னார்.

நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போய்விட்டேன்.

இரவுச் செபத்தில் பிறர் குற்றங்களை நாங்கள் மன்னிக்கிற வரி வந்தபோது சொல்ல வாய் வரவில்லை. அதை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.