அம்மாவுக்கு ஒரு வாய்தா

ஏரியூர்,
12.6.2025

அன்பும் அதட்டலும் நிறைந்த கோகிலா அக்காவுக்கு,

வம்பு வீரமணி கும்பிட்டு எழுதுவது. போனில் பேசினால் அம்மா என் முகத்தை வைத்தே முழுதும் படித்துவிடுவாள். காது கேட்காதவளுக்குக் கண்தான் ஒட்டுக்கேட்கும். அதனால் கடிதம்.

அப்பா வெட்டிய கிணற்றை, அவர் போனதும் சென்னப்பன் பெரியப்பா தன்னுடையது என்கிறாரே, அந்த வழக்கில் நேற்று அம்மா சாட்சி. அவள் கைப்பேச்சை நான் சொல்லப் போனேன். "பெத்த பையனே சொன்னா எப்டிங்கய்யா?" என்று பெரியப்பாவின் வக்கீல் தடுத்துவிட்டார். சேலத்திலிருந்து சைகை மொழிபெயர்ப்பாளர் நிர்மலாதேவி வந்திருந்தார். நல்லவர்தான். ஆனால் அவர் கை பள்ளிக்கூடம் போய்ப் படித்தது. அம்மா கை நம் வூட்டிலேயே வளர்ந்தது.

"கெணத்த வெட்டுனது யாரு?" என்று நம் வக்கீல் கேட்டார்.

அம்மா கட்டைவிரலைச் சுண்டினாள். நமக்கு அது அப்பா. நிர்மலாதேவிக்கு அது காசு சுண்டுவது. "காசு கொடுத்தவர்" என்று சொல்லிவிட்டார். காசு கொடுத்தவன் நான்தான் என்று பெரியப்பா ஏற்கெனவே சாதிக்கிறாரே! இப்படியே எழுதினால் கிணறு அவருக்குத்தான். எழுந்து கத்தினேன். வெளியே அனுப்பினார்கள்.

அம்மா "வாய் தா" என்று போனாள். வாய்தா தந்து அனுப்பினார்கள்.

உன் தம்பி,
வீரமணி

திருப்பூர்,
19.6.2025

டேய் மணி,

உன் வாய்க்குத்தான் முதலில் வாய்தா போட வேண்டும். கோர்ட்டில் கத்தாதே.

கடிதத்தைப் படித்துவிட்டு தையல் மிஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்பா தெருமுனையில் திரும்பும்போதே சைக்கிள் மணியை அடிப்பார். அம்மாவுக்கு அது கேட்காது. நாம் உள்ளே ஓடி, யார் முதலில் கட்டைவிரலைச் சுண்டிக் காட்டுவது என்று அடித்துக்கொள்வோம். நீ பொய்யாகவும் சுண்டுவாய், திருட்டுப்பயலே. அவளும் தெரிந்தே வாசலுக்கு வந்து ஏமாந்து நிற்பாள்.

நம் வக்கீலிடம் சொல். சாட்சிக்கு முன்னால் அந்த மொழிபெயர்ப்பாளரும் நம் அம்மாவும் கொஞ்ச நேரம் பேசிப் பழக கோர்ட்டில் மனு போடட்டும்.

கோகிலவாணி

ஏரியூர்,
11.7.2025

அக்கா,

கோர்ட் ஒத்துக்கொண்டது. நிர்மலா மேடம் அம்மாவோடு உட்கார்ந்து, வழக்கைத் தவிர எல்லாம் பேசினார். மழை, மாடு, நம் சேட்டை. என்னைப் பற்றித்தான் அதிகம் என்று அம்மா சிரித்ததிலேயே தெரிந்தது.

பிறகு அதே கேள்வி. அம்மா சுண்டினாள். "காசா?" என்று மேடம் கையால் கேட்டார். அம்மா முறைத்தாள். கூண்டில் நின்றபடியே ஹேண்டில்பாரைப் பிடித்தாள், பெடல் மிதித்தாள், மணியடித்தாள். அப்புறம் வெறும் கழுத்தைத் தொட்டாள்.

"சைக்கிள் பெல்லுங்கய்யா" என்றார் மேடம். குரல் இறங்கிவிட்டது. "இவங்க வீட்டுக்காரரைச் சொல்றாங்க. அவர்தான் வெட்டினாருன்னு."

நீதிபதி அதையே எழுதச் சொன்னார். தீர்ப்பு வரவில்லை.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. அவள் விரல் சுண்டியதும், என்னை அறியாமல் கோர்ட் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன்.

பெரியப்பாவும் திரும்பியிருந்தார்.

வீரமணி