பூசை எண்ணெயும் அப்பாவின் ஸ்டியரிங்கும்

அன்புள்ள அம்மாவுக்கு இசக்கி எழுதுவது. நானும் அப்பாவும் நலம், மஸ்கட்டில் நீயும் நலமாக இருக்க அம்மன் துணை. போனில் இவ்வளவு பேச எனக்கு வராது, அதனால் எழுதி மஸ்கட் திரும்பும் ஏஞ்சலம்மாள் அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் கண்ணில் பட்டது அப்பாவின் பேண்ட்தான். துவைக்கும்போது இரண்டு முழங்காலிலும் கறுப்பாக ஒரு கோடு, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. மறுநாள் காரில் கூடப் போனபோதுதான் தெரிந்தது, ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கும் லீவரைப் பூட்டினாலும் ஸ்டியரிங் மடியில் விழுகிறது, அப்பா முழங்காலால் முட்டுக்கொடுத்து ஓட்டுகிறார். பின்சீட்டில் அவர் தினமும் ஏற்றிப்போகும் மாட்டுங்கா பள்ளிப் பிள்ளைகள். மெக்கானிக் உதுமான் பாய் குனிந்து பார்த்துவிட்டு, பூராவும் மாத்தணும்வே சொரிமுத்து, இந்தப் பழைய வண்டிக்கு ஸ்பேர் மால் எங்க கெடைக்கும், பங்கார்ல பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா தூங்கும் என்றார். அப்பாவும் காரை உடைக்கப் போட்டுவிட்டு அம்பர்நாத்தில் வாட்ச்மேனாகத் தங்குவது, நான் பாண்டுப் சித்தி வீட்டில் இருப்பது என்று முடிவே செய்துவிட்டார். நீயும் இல்லாமல் அவரும் இல்லாமல் நான் எப்படி இருப்பேன் அம்மா?

ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங்குக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். லீவர் இறுக்கிப் பிடிக்கும் தகடுகள் எண்ணெயில் பளபளத்தன. ஆயுதபூசைக்கு அப்பா கதவுக் கீல் முதல் கண்ட இடமெல்லாம் எண்ணெய் விட்டாரே, இதையும் விட்டுவைக்கவில்லை. பட்டறையில் என் தையல் மெஷின் பெல்ட்டில் எண்ணெய் பட்டாலும் இப்படித்தான் வழுக்கும். நட்டைக் கழற்றி, தகடுகளைப் பெயிண்ட் தின்னரில் கழுவிக் காயவைத்து, மறுபடி மாட்டி இறுக்கினேன். லீவரைப் பூட்டி ஸ்டியரிங்கில் தொங்கியே பார்த்தேன், அசையவில்லை அம்மா.

அப்பா உதுமான் பாயைக் கூட்டி வந்தார். அவர் நட்டைச் சோதித்து, இரண்டு கையாலும் அழுத்தி ஆட்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கி, யாருவே செஞ்சது என்றார். நான் அப்பா முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். எம்மவதான் என்று அப்பா சொன்னது தொண்ணூறடி ரோடு வரை கேட்டிருக்கும். அடுத்த பூசைக்கு எண்ணெய்க் கிண்ணத்தை இவகிட்ட குடும், நீரு சுண்டலை மட்டும் பாத்துக்கிடும் என்று பாய் சிரித்தார். அம்பர்நாத் பேச்சு அதோடு போயிற்று. இனி எங்களை நினைத்துக் கவலைப்படாதே, நீ பிரஷர் மாத்திரையை விடாமல் போடு, அப்பா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். ஒன்று சொல்ல விட்டுப்போனது. பாய் போனதும் அப்பா டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஏட்டி, ஏறி உக்காரு என்றார். நான் ஏறி உட்கார்ந்து, லீவரைத் தளர்த்தி, ஸ்டியரிங்கை என் உயரத்துக்கு இறக்கிப் பூட்டினேன்.

உன் மகள்,
இசக்கியம்மாள், தாராவி