மூடிக் கட்டிய விறகு

ஓகஸ்ட் 24, சனி

விறகு வந்து இறங்கியது. லொறிக்காரன் வாசலில் கொட்டிவிட்டுப் போய்விட்டான். நானே அள்ளி வீட்டுச் சுவரோடு அடுக்கினேன். இடுப்பு விட்டுப்போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் இவர் செய்கிற வேலை. இந்த முறை யன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். ஏப்ரலில் நெஞ்சுநோவை இரண்டு நாள் எனக்கு ஒளித்து, வாய்வு என்று சொல்லி இஞ்சிப் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த மனிசன். ஒப்பரேஷன் முடிந்து வந்த அன்றே சொல்லிவிட்டேன், இனி விறகுப் பக்கம் போகக்கூடாது என்று.

சின்னப் பாரம் தூக்கலாம் என்றுதான் டொக்டர் சொன்னார். டொக்டருக்கு என் மனிசன் சூசைரட்ணத்தைத் தெரியாது.

ஓகஸ்ட் 31, சனி

நாளைக்கு மழையாம். பெரிய நீலத் தறப்பாள் வாங்கிவந்து, மேலிருந்து நிலம் வரை சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். ஒரு ஈ நுழையாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி லீசா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, விறகுக்குக் காற்று வேண்டாமா என்று கேட்டாள். சிரித்துவைத்தேன். யாழ்ப்பாணத்து மாரிமழைக்கு விறகு மூடினவளுக்கு வகுப்பெடுக்க வந்துவிட்டாள்.

செப்ரெம்பர் 12

இவர் கதைப்பதில்லை. கேட்டால் ஓம், இல்லை. அவ்வளவுதான்.

செப்ரெம்பர் 22, ஞாயிறு

பூசைக்கும் வரவில்லை. திராமன் நகரத்திலிருந்து மகள் சிந்தியா போன் எடுத்தாள். "அம்மா, நீங்கள் அப்பாவை ஷோகேசுக்குள்ள வைச்சிருக்கிறீங்கள்" என்றாள். கோபம் வந்தது. அவள் திராமனில் இருக்கிறாள். இரவில் இவருக்கு மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்ப்பது நான் – எனக்குப் பயம். வேறு ஒன்றுமில்லை, பயம்தான்.

ஒக்ரோபர் 19, சனி

நல்ல குளிர். அடுப்பு மூட்டலாம் என்று தறப்பாளை அவிழ்த்தேன். உள்ளே புழுங்கின மணம். சுவர்ப்பக்கக் கட்டைகளெல்லாம் பூஞ்சணம். தொட்டால் ஈரம். நல்லதாகத் தெரிந்த நாலைக் கொண்டுவந்து பற்றவைத்தேன். வீடு முழுக்கப் புகை. புகைமணி அலறியது. இவர் வந்து நிறுத்தினார்.

"நிலம் வரைக்கும் மூடினா ஈரம் எங்காலை போறது? மேல மட்டும்தான் மூடவேணும். சுவரிலயும் முட்டக்கூடாது."

"தெரிஞ்சுகொண்டே ஏன் சொல்லேல்லை?"

"விறகுப் பக்கம் போகக்கூடாதெண்டு நீர்தானே சொன்னனீர்."

அடுப்படியிலேயே குந்தி அழுதேன். விறகுக்கா அழுதேன்? நோவையும் சொல்லமாட்டார், விறகையும் சொல்லமாட்டார். நான் எதை நம்பி வேலைக்குப் போறது? வேலையில நிண்டுகொண்டு எத்தினை தரம் போனைப் பாக்கிறன் தெரியுமோ? எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். பக்கத்தில் வந்து குந்தினார்.

"பயந்திட்டன் ரஞ்சி. வாயால சொன்னா உண்மையாப் போயிடுமெண்டு."

ஏப்ரலைத்தான் சொன்னார். இவருக்குப் பயம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒக்ரோபர் 20, ஞாயிறு

இரண்டு பேருமாக அடுக்கைப் பிரித்தோம். கைக்கு ஒரு கட்டைதான் என்று நான் சட்டம் போட்டேன். ஓம் என்றார். சுவரிலிருந்து தள்ளி, கீழே மரத்தட்டு வைத்து, காற்றுப் போக இடம் விட்டு அடுக்கினார். தறப்பாளை மடித்து மேலே மட்டும், மழைத்தண்ணீர் வழிந்தோடும் சரிவில் கட்டினார். ஒரு முடிச்சை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றது எனக்கே அதிசயம்.

பின்னேரம் வழமையை விட ஒரு கோப்பை சோறு கூடச் சாப்பிட்டார்.

நொவம்பர் 5

இரவு பேய்க்காற்று. தறப்பாள் பறந்துவிட்டதா என்று இவர் எழும்பி எழும்பி யன்னலால் பார்த்தார். பறக்கவில்லை. காலையில் லீசாவோடு வேலியடியில் நின்று அதைப்பற்றி ஒரே கதை.

நொவம்பர் 23, சனி

விடியப் பார்த்தால் எங்கள் லோறென்ஸ்கூக் ஊர் முழுக்கப் பனி கொட்டி வெள்ளை. இவர் கூடையோடு விறகெடுக்கப் போனார். நான் யன்னலடிக்குப் போகவில்லை. வெங்காயம் வெட்டினேன். கறிக்குத் தேவையானதுக்கு மேலேயே வெட்டிவிட்டேன். கதவடியில் சத்தம் கேட்டது.

"ரஞ்சி, ஒருக்கா வாரும். எனக்குக் களைச்சுப்போச்சு. நோவில்லை, களைப்புத்தான். மிச்சத்தை நீர் தூக்கும்."

போய்க் கூடையை வாங்கினேன். அவர் படியில் இருந்துகொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. களைப்பென்று அவராகத்தான் சொன்னார்.