எட்டாவது பெயர்

ஒக்டோபர் 21, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். குட்மேய்ஸ் நூலகம். மகள் ரொஷானி படிக்கும் யூனிவர்சிட்டியில் அடுத்த வியாழன் ஒரு கூட்டம். பேசுபவர் இலங்கை இராணுவத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி. போரின் கடைசியில் சரணடைந்தவர்களில் ஒருவரும் காணாமற்போகவில்லை என்று புத்தகம் எழுதியவர். வெளியாட்களும் வரலாம், கேள்வி கேட்கலாம். நூலகக் கணினியில் பெயர் பதிந்தேன். ரொஷானிக்குச் சொல்லவில்லை. மறிப்பாள்.

24, வெள்ளி
செபமாலை. மீன் குழம்பு. ஒரு ஆளுக்கு வைக்க இன்னும் பழகவில்லை.
கேள்வியை ஆங்கிலத்தில் எழுதினேன். நானே படித்த ஆங்கிலம், அகராதி பார்த்து ஆறு வரி. என் அண்ணை சரணடைந்து உங்கள் பஸ்ஸில் ஏறினதைக் கண்டேன். அந்த பஸ் எங்கே போனது? கண்ணாடி முன் நான்கு தரம். ஐந்தாம் தரம் குரல் நடுங்கவில்லை.

26, ஞாயிறு
இறந்தோர் தினப் பூசையில் நினைக்க, செத்த சொந்தங்களின் பெயர் எழுதும் உறை, பூசை முடியக் கொடுத்தார்கள். ஐயா, அம்மா, என் கணவர் என ஏழு பேர். ஒவ்வொன்றுக்கும் இறந்த நாள். எட்டாவது கோடு இந்த வருடமும் வெறுமை. பக்கத்து வாங்கிலிருந்து திரேசா அக்கா எட்டிப் பார்த்தா.
"இன்னும் அண்ணையை எழுதேல்லையே? அந்த ஆத்துமத்துக்கு ஒரு பூசையாவது கிடைக்கட்டும், பிள்ளை."
"வியாழன் முடிய எழுதுறன், அக்கா."
"அதென்ன வியாழன்? சாத்திரம் பாக்கிறியோ?"
சிரித்து மழுப்பினேன்.

29, புதன்
நாளைக்கு உடுக்கச் சேலை அயர்ன் பண்ணினேன். ரொஷானி போன். பின்னால் கைதட்டல்.
"அம்மா! அந்த ஆளின்ர கூட்டம் கான்சல்! நாங்கள் பெட்டிஷன் போட்டு நிப்பாட்டிப்போட்டம். மாமாக்காக, உங்களுக்காக."
"ஓம் பிள்ளை. நல்லது."
"என்ன, சந்தோசமில்லையா?"
"அடுப்பில சோறு. பிறகு எடுக்கிறன்."
அடுப்பில் ஒன்றுமில்லை.
அவளைப் பிழை சொல்ல ஏலாது. அந்தப் பொய்யை ஒரு மண்டபமே உட்கார்ந்து கேட்டிருக்கும். நானும் அங்கே எழும்பி நின்றிருப்பேன்.
சேலையை மடித்து வைத்தேன்.

நவம்பர் 1, சனி
குளிர். ரொஷானிக்கு அசைன்மென்ட், வரவில்லை. பெயர் பதிந்ததை அவளுக்கு இனிச் சொல்லப்போவதில்லை. கேள்வித்தாள் பைபிளுக்குள்.
கோயில் வாசலில் உறையை ஒட்டினேன். திரேசா அக்கா முன்னால்.
"வியாழன் போச்சுது. எழுதினியே?"
"இல்லை, அக்கா. கேக்கக் கிடைக்கேல்லை."
"ஆரிட்ட?"
ஏழு பெயரோடு உறையைப் பெட்டியில் போட்டேன்.