தொலைக்காட்சி உறுமிய வைகாசி

நேற்று உன் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைக் குப்பை தரம்பிரிக்கும் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டோம். தனியாகத் தூக்க முடியாதென்று உன் மனுசன் என்னைக் கூப்பிட்டிருந்தார். படியால் இறக்கும்போது அதன் முதுகுத் துளைகளிலிருந்து காய்ந்த தூசி மணந்தது. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் போர் முடியவிருந்த அந்த வைகாசியில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்தப் பிரெடெரிசியா நகரில் உன் வீட்டுக்குக் கீழ்மாடிதான் என் வீடு. இருவருக்கும் ஒரே சலவைத் தொழிற்சாலையில் வேலை. வந்ததும் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் செய்மதி டிஷ்ஷில் வரும் தமிழ்ச் செய்திக்கு முன்னால் உட்காருவாய். உன் தம்பியும் அம்மாவும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். கிழமைக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. முட்கம்பிக்குப் பின்னால் நிற்கிற சனத்தைக் காட்டினால், ஒவ்வொரு முகமாகத் தேடுவாய்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டி சத்தம் போடத் தொடங்கியது. டுக்கு டுக்கென்று தட்டும். பிறகு ர்ர்ர் என்று உறுமும். செய்தி சொல்பவரின் குரல் அதற்குள் அமுங்கிப்போகும்.

"இது முடிஞ்சுது. புதுசொண்டு வாங்குவம்," என்றார் உன் மனுசன்.

"புதுசைப் பூட்டி முடிக்க அரைநாள் போகும். அந்த அரைநாளில அவையைக் காட்டினால்?" என்று கேட்டாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "வாடி, சத்தம் எங்கயிருந்து வருகுதெண்டு பாப்பம்."

ஒலியை முழுவதும் குறைத்துப் பார்த்தோம், அப்போதும் உறுமியது. செய்மதிப் பெட்டியின் வயரைக் கழற்றினோம்; போகவில்லை. வேறு பிளக்கில் செருகினோம், பக்கத்து விளக்கை அணைத்தோம். எனக்குப் பொறுமை போய்விட்டது. பின்பக்கத்தைத் திறப்போம் என்றேன்.

"உள்ள கரண்ட் தேங்கி நிக்கும், கை வைக்காத. ஒண்டொண்டா மாத்துவம். எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினால் எது பிழையெண்டு தெரியாது."

அப்போது பெட்டி மறுபடி உறுமியது. அதற்கு மேலே கிடந்த உன் கைத்தொலைபேசி அடித்தது. ஹ்விடோவ்ரே நகரிலிருந்து உன் மச்சாள் எடுத்திருந்தாள். அவளோடு இரண்டு சொல் கதைத்துவிட்டுத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"வெளியில போய் எனக்கு ஒருக்கா ஃபோன் எடு."

மாடிப்படியில் நின்று உன் நம்பருக்கு எடுத்தேன். என் காதில் மணி விழுவதற்கு முன்பே உள்ளேயிருந்து கத்தினாய்: "பிடிச்சிட்டன்!"

மணி அடிக்கமுன்னும் சிக்னல் தேடும்போதும் தொலைபேசி விடும் அலைதான் பெட்டியின் ஸ்பீக்கரில் விழுந்துகொண்டிருந்தது. தம்பி அழைத்தால் உடனே கையில் எடுக்கவேண்டுமென்று நீதான் அதை அங்கே வைத்திருந்தாய். உன் மனுசன் அதைத் தூக்கிக் குசினிக்குள் அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். சத்தம் நின்றது. நீ எழும்பிப் போய் எடுத்துவந்து, திரும்பவும் பெட்டிக்கு மேலேயே வைத்தாய்.

"உறுமட்டும். மணி அடிக்கமுந்தியே எனக்குத் தெரியவேணும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு உறுமலுக்கும் மூவரும் பேச்சை நிறுத்தினோம். எல்லாம் சொந்தக்காரர்களின் அழைப்புகள்தான். செய்தியில் போர் முடிந்துவிட்டதென்று அறிவித்தார்கள். இஷொய் நகரில் இருக்கிற உன் சித்தப்பா எடுத்து, இனி மனதைத் தேற்றிக்கொள் என்றார். "முடிஞ்சுதெண்டால் மிஞ்சின சனம் வெளியில வரும். நான் பாத்துக்கொண்டுதான் இருப்பன்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாய். வேலைக்குப் போனாய், வந்தாய், மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாய்.

பிறகு ஒரு பின்னேரம் பெட்டி உறுமியது. மணி அடிக்கும்போது தொலைபேசி ஏற்கெனவே உன் கையில் இருந்தது.

"அக்கா, நான் இருக்கிறன்." பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"அம்மா?"

"இல்லையக்கா."

முகாமில் யாரோ ஒளித்துவைத்திருந்த தொலைபேசியில் எடுத்திருந்தான். எந்த முகாம் என்று சொன்னான், அவ்வளவில் தொடர்பு அறுந்துவிட்டது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். என் விரல்கள் நொந்தன. பிறகு எழும்பி முகம் கழுவிவந்து, "அவனை வெளியில எடுக்கவேணும்," என்றாய்.

அடுத்தநாள் மதிய இடைவேளையிலேயே தொடங்கினாய். வவுனியாவில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் எடுத்தாய். ஒருவர் ஏலாதென்றால் அவரிடமே அடுத்தவரின் நம்பரைக் கேட்டு வாங்கினாய். மாதங்கள் ஓடின. கடைசியில் தம்பி வெளியே வந்தான், கலியாணம் கட்டினான், பிள்ளை பிறந்தது. உனக்கு மட்டும் போய்ப் பார்க்கக் கிடைக்கவில்லை. முதலில் கடவுச்சீட்டுப் பிரச்சினை, பிறகு பயம், கடைசியில் நோய் வருத்தம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டும், "மாரிக் குளிர் முடிய ஊருக்குப் போகவேணும், நீயும் வா," என்றாய். மாரி முடியமுன்னமே நீ போய்விட்டாய்.

இப்போது அவன் ஞாயிறுகளில் எனக்கு எடுக்கிறான். என்னைத்தான் அக்கா என்கிறான். உன்னோடு கதைத்ததுபோல என்னோடு அவனால் கதைக்க முடியாது, அது எனக்குத் தெரியும். நீ இங்கே எப்படி இருந்தாய், என்ன சொல்லிச் சிரித்தாய் என்று கேட்பான். ஒவ்வொன்றாகச் சொல்வேன். போன கிழமை அவன் மகள் தொலைபேசியைப் பறித்து, "மாமி எப்ப வாறியள்?" என்று கேட்டாள். எந்த மாமியைக் கேட்கிறாளென்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். ஆடியில் லீவு எடுத்தாயிற்று. அவையைப் பாக்க நான் போறன்.